ஓதம் இல்லாத வாடகை வீடு: பதினான்கு மாதக் குடித்தனத்துக்குப் பின் ஒரு விமர்சனம்

மதிப்பெண்: ஐந்துக்கு நாலரை. அந்த அரை எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

செல்போன் வாங்கினால் நட்சத்திரம் போடுகிறோம். சார்ஜர் வயர் வாங்கினால்கூட நாலு வரி எழுதுகிறோம். மாதச் சம்பளத்தில் பெரிய பங்கை விழுங்குகிற வாடகை வீட்டைப் பற்றி மட்டும் யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. எழுதினாலும் 'நல்ல வெளிச்சம், அமைதியான இடம், தங்கமான ஓனர்' என்பதோடு முடிந்துவிடும். ஓனர் தங்கமா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. அந்தச் சுவரின் உள்ளே ஓதம், அதாவது ஊறிய ஈரம், இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

காரணம், எனக்கு ஆஸ்துமா. இது நான் குடியிருக்கும் ஐந்தாவது வாடகை வீடு. வீடு பார்க்கப் போகும்போது என் கைப்பையில் மூன்று பொருள் இருக்கும்: உள்ளங்கை அளவு ஈரப்பதமானி ஒன்று, ஒரு டார்ச், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர். "வீடு பார்க்கப் போறியா, பிரேதப் பரிசோதனைக்குப் போறியா?" என்று என் கணவர் கேட்பார். கேட்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஹேலரைத் தேடுவது அவர் இல்லையே.

முதலில் முந்தைய வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இந்த வீட்டின் அருமை புரியாது. பார்க்கப் போன அன்று புதுப் பெயின்ட் வாசனை கமகமவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். இப்போது அதே வாசனை வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. மூன்று மாதத்தில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஐந்தாவது மாதம் அது தேசப்படம் மாதிரி விரிந்தது. ஓனரிடம் சொன்னோம். "ஜன்னலைத் திறந்து வைங்க, துணியை உள்ளே காயப் போடாதீங்க" என்றார். அப்புறம் பெயின்டரை அனுப்பினார். பெயின்டர் சுரண்டினார், பட்டி பூசினார், இரண்டு கோட் அடித்தார், போனார். நாலே மாதத்தில் அதே இடத்தில் அதே தேசப்படம், இந்தத் தடவை அண்டை நாடுகளையும் சேர்த்துக்கொண்டு. அதற்குள் எனக்கு இரண்டு முறை நெபுலைசர் வைத்தாகிவிட்டது. இரண்டாவது முறை மருத்துவர் என் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே, "வீட்டில் எந்தச் சுவரிலாவது ஓதம் இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய கண்திறப்பு.

அந்தக் கறுப்புத் தேசப்படம் பூஞ்சை. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம் மட்டும்தான். தூசி, பசை, பெயின்ட், மரம் என்று அதற்குச் சாப்பாடு எல்லா வீட்டிலும் இருக்கிறது. நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் முளைக்க ஆரம்பித்துவிடும். ஆகவே ஈரத்தை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் துடைப்பது, ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது குடியிருப்பவரால் மட்டும் முடியாது. சுவரை உடைக்க எனக்கு உரிமை இல்லை. குழாயை மாற்றவும் உரிமை இல்லை. எனக்கிருக்கும் உரிமை துடைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் மட்டும்.

இந்த 'மேலே பெயின்ட் அடி' வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பயங்கரமான உதாரணம் உண்டு. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று குடும்பம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தந்தைக்குக் கிடைத்த பதில், அதன் மேல் பெயின்ட் அடியுங்கள் என்பது. பூஞ்சைக் காற்றை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபரிலிருந்து அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு (உள்ளாட்சியோ லாப நோக்கமற்ற அமைப்போ குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள்) நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. பெரிய அளவிலான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். இதைப் படித்த அன்று என் பழைய வீட்டுச் சுவர்தான் கண்முன் வந்து நின்றது.

சரி, இந்த வீட்டுக்கு வருகிறேன்.

குடிவந்த இரண்டாவது வாரம். படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு நிறம் மங்கியிருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. நகத்தால் கீறினால் பூச்சு மாவாக உதிர்ந்தது. சுவரின் மறுபக்கம் குளியலறை. 'ஆரம்பிச்சாச்சுடா' என்று நினைத்துக்கொண்டே ஓனருக்குப் போன் செய்தேன். பெயின்டரைத்தான் எதிர்பார்த்தேன். அன்று சாயங்காலம் ஓனரே வந்தார். கையில் ஒரு துண்டு பாலிதீன் தாளும் அகலமான டேப்பும்.

அந்தக் கறையை விடக் கொஞ்சம் பெரிதாகத் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டினார். "ரெண்டு நாள் இதைத் தொடாதீங்கம்மா" என்றார்.

"எதுக்கு சார் இது?"

"தண்ணி எந்தப் பக்கத்துல கோக்குதுன்னு பார்க்கலாம். தாளுக்கு வெளிப்பக்கம் முத்து முத்தா நின்னா, ரூம் காத்துல இருக்கிற ஈரம். உள்பக்கம் நின்னா, சுவத்துக்குள்ளே தண்ணி."

இரண்டாம் நாள் காலையில் பார்த்தேன். தாளின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. உள்பக்கம் வேர்த்திருந்தது. ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் தீராத ஈரம் அது. முந்தைய வீட்டில் இரண்டு வருடம் 'ஜன்னலைத் திறங்க' என்று கேட்டுக் கேட்டு, தப்பு என்மேல்தானோ என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். ஒரு பாலிதீன் தாள் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது போல இருந்தது.

அடுத்தது தண்ணீர் மீட்டர். எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு, மீட்டரின் எண்ணைத் தாளில் குறித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கடைசி முள் நகர்ந்திருந்தது. யாரும் திறக்காத வீட்டில் தண்ணீர் ஓடுகிறது. மறுநாள் பிளம்பர் வந்து குளியலறைப் பக்கம் டைல்ஸை உடைத்தார். உள்ளே பதித்திருந்த குழாயின் முழங்கை இணைப்பில் ஊசி முனை அளவுக் கசிவு. அவ்வளவுதான். அந்த ஊசி முனைதான் ஒரு சுவரையே நனைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. உண்மையில் செய்யாமல் விட்டதுதான். குழாயை மாற்றியதும் பூசி மெழுகவில்லை. உப்பு பூத்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை உரித்துவிட்டு, அப்படியே மூன்று வாரம் திறந்து போட்டார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் கணவர் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆனால் ஈரச் சுவரின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, வேறு இடத்தில் முளைக்கும். "காயட்டும்மா, அவசரப்பட்டா ரெண்டு தடவை செலவு" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு மாதமாகிறது. அந்த இடத்தில் கை வைத்தால் மற்றச் சுவர் போலத்தான் இருக்கிறது.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னொரு கதை. டிஷ்யூ பேப்பரை அதன் ஜாலிமேல் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் ஃபேன் வெறும் சத்தம்தான் போடுகிறது என்று அர்த்தம். வீடு பார்க்க வந்த அன்று ஒட்டியது. ஆகவே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன். தப்புக் கணக்கு. குளித்து அரை மணி நேரம் கழித்தும் ஈரப்பதமானி 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஓனர் ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஃபேன் காற்றை இழுக்கிறது, சரிதான். இழுத்து எங்கே விடுகிறது? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயே. வெளியே போகும் குழாயை யாரோ பொருத்தவே இல்லை. அத்தனை வருடத்துக் குளியல் ஆவியும் அந்த இருட்டில்தான் குடியிருந்திருக்கிறது. பலகையின் மேல்பக்கம் எப்படி இருந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு அதை மூட்டையாகக் கட்டி வெளியேற்றினார்கள். அன்று நான் தங்கை வீட்டில் இருந்துகொண்டேன்.

இப்போது குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. வெளி வாயில் மடக்குத் தகடு இருப்பதால் பூச்சி வருவதில்லை. ஒரு டைமரும் வைத்தார். விளக்கை அணைத்த பிறகும் ஃபேன் 20 நிமிடம் ஓடும். குளியலறைக் கதவின் அடிப்பக்கத்தை ஒரு விரல் அளவு அறுத்துவிட்டார். இதை நான் யோசித்ததே இல்லை. உள்ளே காற்று வர வழியில்லை என்றால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? குளிப்பதற்கு முன் 56, குளித்ததும் 88, அரை மணியில் 61. என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தச் சின்ன மானிகள் சில புள்ளி முன்னே பின்னே காட்டும். அது கிடக்கட்டும், இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. 50-க்குக் கீழே போனால் படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்குக் கஷ்டகாலம். எனக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடுவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

நியூசிலாந்தில் வாடகை வீட்டின் சமையலறை, குளியலறை ஃபேன்கள் காற்றை வெளியே தள்ள வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கிறார்கள். 2019-இல் கொண்டுவந்த விதிகள், 2025 ஜூலை 1-க்குள் எல்லா வாடகை வீட்டுக்கும் கட்டாயம். சூடேற்றும் வசதி, வெப்பக் காப்பு, காற்றோட்டம், வடிகால், இடுக்குகளை அடைப்பது எல்லாம் அதில் வருகிறது. ஓனரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் நியூசிலாந்து ஓனர்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் என் தப்பையும் எழுதிவிடுகிறேன். அடைமழை நாட்களில் துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப் போட்டேன். மானி 74-க்குப் போய், பீரோவின் பின்பக்க மூலையில் லேசான சாம்பல் நிறம் தட்டியது. நாலு பேர் இருக்கும் வீட்டில் மூச்சு, குளியல், சமையல், துணி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலந்துவிடுகிறது. அத்தனையும் எங்காவது போக வேண்டும். இந்தத் தடவை சுவருக்குள் தண்ணீர் இல்லை, தவறு என்னுடையது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தேன். துணியைக் குளியலறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டுவிட்டேன். ஓனரிடம் சொன்னபோது திட்டவில்லை. குளியலறையில் ஒரு மடக்குக் கொடி அடித்துக் கொடுத்தார். 'துணி உள்ளே காயப் போடாதீங்க' என்று மட்டும் சொல்கிற ஓனர்களுக்கு: வேறு எங்கே போடுவது என்ற இடத்தையும் காட்டுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ் வாட்டர் ஹீட்டர் முன்பு குளியலறைக்குள்ளேயே இருந்ததாம். நாங்கள் வருவதற்கு முன்பே அதை வெளிச் சுவருக்கு மாற்றியிருந்தார். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கி விழும்வரை தெரியாது. இந்த ஒன்றுக்காகவே இரண்டு நட்சத்திரம் தரலாம். படுக்கையறைக்கு வெளியே அதற்கான அலாரமும் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் கத்துகிறது.

ஜன்னல் சட்டங்கள் பழையவை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனால் அடித்த பெயின்ட் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கத்தான் செய்யும். குழந்தைகளுக்கு ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது. தங்கையின் குழந்தை இங்கே வந்தால் ஜன்னல் திண்டில்தான் ஏறி நிற்கும். உரிந்த இடங்களை எலக்ட்ரிக் தேய்ப்பானால் தேய்க்கப் பெயின்டர் தயாரானார். ஓனர் தடுத்து, தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டச் சொன்னார். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததையெல்லாம் சுருட்டி எடுத்தார்கள். உலர்ந்து தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படிந்திருக்கும். ஈரத்தை எதிரி என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இங்கே நண்பன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். அந்தப் புகையே எனக்கு ஆகாது; கரப்பானின் எச்சமும் ஆகாது. சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கட்டைவிரல் போகும் ஓட்டை இருந்தது. அதை அடைத்து, ஜெல் வைத்தார். ஓட்டையை அடைத்ததுதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

மாடிப்படிக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கியாகிவிட்டது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்த பிறகு பகல் சூடு தாங்கும்படி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீடும் ஆரோக்கியமும் பற்றிய வழிகாட்டுதலில் நெரிசல், வீட்டுக்குள் குளிர், வெப்பம், விழுந்து அடிபடுதல் எல்லாம் வருகிறது. ஆரோக்கியம் என்றால் மூச்சு மட்டும் இல்லை, கைப்பிடியும்தான் என்று படிக்கும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் எப்போதும் பூஞ்சையைப் பற்றியே புலம்புகிறவள்.

குறைகள். முதல் குறை, ஓனர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெல் அடிப்பார். நல்ல எண்ணம்தான், ஏதாவது கசிகிறதா என்று பார்க்க வருவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தலையில் எண்ணெயோடு கதவைத் திறப்பவள் நான். "வர்றதுக்கு முந்தின நாள் ஒரு மெசேஜ் போடுங்க சார்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகு இப்போது போடுகிறார். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் யாராவது வருவார்கள் என்ற வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது. சுதந்திரமாகக் குறை சொல்லவும் முடியாது. ஓதம் கண்டதும் குடியிருப்பவர் பயமில்லாமல் போன் செய்கிறாரா என்பதில்தான் சுவரின் விதியே இருக்கிறது. காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஊசி முனை ஓட்டை தேசப்படமாகிவிடும்.

இரண்டாவது, புது அலமாரிகள். குடிவருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அடித்திருந்தார்கள். அழுத்திய மரத்தூள் பலகை. அதன் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு நெடியில் முதல் மாதம் கண் எரிந்தது. வீடு காலியாக இருக்கும்போதே அடித்து, ஜன்னலைத் திறந்து போட்டிருந்தால் நெடியின் பெரும்பகுதி எங்கள் மூக்குக்கு வந்திருக்காது. ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள் ஓனர்களுக்குப் பொன்னான நேரம். பலரும் அதைப் பெயின்டுக்கு மட்டும் செலவழிக்கிறார்கள். அப்போது குழாய்களையும் திறந்து ஓட விட வேண்டும். தேங்கி நின்ற வெதுவெதுப்பான நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். சேமிப்பு ஹீட்டரை 60 டிகிரியில் வைப்பதும் அதற்காகத்தான்.

கடைசியாக அந்த அரை நட்சத்திரம். சமையலறையில் அடுப்புக்கு மேல் அழகான ஹூட் இருக்கிறது. விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது. ஆனால் அது காற்றை வடிகட்டி மறுபடி என் முகத்தின் மேலேயே விடுகிற ரகம். எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடிக்கும். கேஸ் அடுப்பிலிருந்து வரும், மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் நீராவியையும் பிடிக்காது. ஒரு மணி நேரம் சமைத்தால் மானி 70-ஐத் தாண்டுகிறது. எனக்கு இருமல் ஆரம்பிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கிறேன்.

போன வாரம் ஓனரிடம் இதைச் சொன்னேன். முந்தின நாள் மெசேஜ் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஹூட்டுக்கு மேலே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, டேப் பிடித்து அளந்து, பென்சிலால் ஒரு வட்டம் வரைந்தார். "இந்த இடத்துல ஓட்டை போட்டா நேரே வெளியே போயிடும்" என்றார். வட்டம் இன்னும் வட்டமாகத்தான் இருக்கிறது. ஓட்டை விழுந்த அன்று வந்து மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்.